ரெண்டு வரி அடிக்குறிப்பு

அந்த மோட்டாரைக் கொஞ்சம் உங்க பக்கமா நகர்த்திக்கங்க தம்பி, கால்ல இடிக்குது. ஆங், போதும். இந்தக் கவர் கசங்கிடக் கூடாது, அதுக்காகத்தான் சொன்னேன். உள்ள ஒண்ணும் பெரிசா இல்ல, ஒரே ஒரு காயிதம். மெட்ராஸ்ல பஸ் ஏறினதுல இருந்து மடியிலயே வச்சுக்கிட்டு வரேன்.

திருக்கோவிலூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமா? ஆகட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. வக்கீல் வீட்டுலதான் இருப்பார், சனிக்கிழமைதானே. கையெழுத்துப் போடணும், திரும்பணும். அவ்வளவுதான் வேலை.

கேஸ் எல்லாம் இல்லப்பா. எனக்கு எதுக்குக் கேஸு? நான் சட்டப் புத்தகம் போடற கம்பெனியில எடிட்டர். முப்பத்தோரு வருஷம். வக்கீல் கையில வச்சுக்கிட்டு அலையறாரே சட்டப் புத்தகம், அது எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? எல்லாரும் கவர்மென்ட் அச்சடிச்சுக் குடுக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அதுதான் இல்ல.

கேளுங்க, சொல்றேன். ஒரு சட்டம் இருக்கு. அதைச் சட்டசபையில திருத்தறாங்க. திருத்தினா முழுச் சட்டத்தையும் புதுசா எழுதித் தருவாங்களா? தர மாட்டாங்க. கெஜட்ல என்ன வரும் தெரியுமா? 'பன்னிரண்டாம் பிரிவில் முப்பது நாட்கள் என்னும் சொற்களுக்குப் பதிலாக அறுபது நாட்கள் என்னும் சொற்கள் இடப்படும்.' இவ்வளவுதான் வரும். டாக்டர் சீட்டு எழுதிக் குடுக்கிற மாதிரி. மருந்து கலக்கறது யாரு? நாங்க. பழைய புத்தகத்தை எடுத்து, அந்தப் பிரிவைத் தேடி, அந்த வார்த்தையை நீக்கி, இதைப் போட்டு, எந்த வருஷத்து எந்தத் திருத்தச் சட்டத்தால மாத்தினதுன்னு கீழ குறிப்பு எழுதி, அப்புறம்தான் நீங்க படிக்கிற மாதிரி ஆகும்.

இப்ப கம்ப்யூட்டர் வந்துடுச்சு. வந்தா என்ன? எனக்குன்னு ஒரு மாஸ்டர் காப்பி இருக்கு. திருத்தம் வந்தா ஒரு துண்டுச் சீட்டுல அடிச்சு, பழைய வரி மேல ஒட்டுவேன். அதுல ஒரு முறை இருக்கு. பசை இடது ஓரத்துல மட்டும்தான் தடவணும். கதவு மாதிரி தூக்கிப் பார்த்தா அடியில பழைய வரி தெரியணும். ஏன்னா பழைய தேதியில நடந்த விஷயத்துக்குப் பழைய சட்டம்தான் பேசும். அதை அழிக்கிறதுக்கு நமக்கு அதிகாரம் இல்ல. நாலு பக்கமும் ஒட்டினவன் எடிட்டரே இல்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

அப்புறம், எங்க ரூம்ல பேனா கிடையாது. பென்சில்தான். இதோ பாருங்க, பாக்கெட்ல பென்சில், ரப்பர், சின்னக் கத்திரி. திருத்தத்துக்கே திருத்தம் வரும், அதனால எதையும் மையில எழுதக் கூடாது. ஆபீஸ்ல என்னைப் பார்த்தாலே ஒளிஞ்சுக்குவாங்க. தெய்வசிகாமணி வந்தா கமாவுக்குக் கூடக் காரணம் கேப்பான்னு. கேப்பேன். கேக்காம விட்டதே கிடையாது.

இந்தக் காயிதமா? அது ஒரு சின்ன சமாச்சாரம். ஒரு அம்மாவுக்கு ஒரு கஷ்டம். நான் பண்ணினது இல்ல. நேரம்னு சொல்லலாம். நானே மனசு வந்து, ஒரு உதவியா இருக்கட்டும்னு எழுதிக் குடுக்கப் போறேன்.

ஒரு சட்டம். எந்தச் சட்டம்னு கேக்காதீங்க. கடை வாடகை, காலி பண்றது, அந்த மாதிரி. கடையைக் காலி பண்ணுன்னு அதிகாரி ஒரு உத்தரவு போட்டா, முப்பது நாளைக்குள்ள அப்பீல் போகணும். ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டாங்க. தாமதத்துக்கு மன்னிப்பு மனு எல்லாம் செல்லாது. சட்டத்துலயே அப்படி. பாவம், சின்னக் கடைக்காரங்க எல்லாம் ரொம்ப நாளாக் கத்திக்கிட்டிருந்தாங்க, அதை அறுபதாக்கித் திருத்தம் கொண்டாந்தாங்க. ஜனவரியில கெஜட்ல வந்துச்சு. நான் அன்னைக்கே கத்தரிச்சு ஒட்டிட்டேன். மார்ச்சுல எங்க புத்தகம் வந்துச்சு. எங்களுக்குப் போட்டியா இருக்கிற கம்பெனி புத்தகம் ஏப்ரல்லதான். நாங்கதான் முந்தி.

ஆனா பாருங்க, சட்டம் வந்த உடனே அமலுக்கு வந்துடாது. சில சட்டத்துல கடைசியா ஒரு வரி இருக்கும். 'அரசு அறிவிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்.' அந்த நாளை அறிவிக்கிற வரைக்கும் புதுசு செல்லாது, பழசுதான் சட்டம். இந்தத் திருத்தத்துல அந்த வரி இருந்துச்சு. நாளை எப்ப அறிவிச்சாங்க தெரியுமா? செப்டம்பர்ல! எட்டு மாசம். ஒரு தேதி குறிக்க எட்டு மாசமா தம்பி? கல்யாணத்துக்கே ரெண்டு நாள்ல குறிச்சிடறாங்க.

நடுவுல ஜூன்ல அந்த அம்மாவுக்கு உத்தரவு வந்துடுச்சு. அவங்க வக்கீல் ஜெயசீலன், எங்க புத்தகத்தைப் பார்த்திருக்கார். அறுபதுன்னு இருக்கு. சாவகாசமா பேப்பர் எல்லாம் சேர்த்து நாப்பத்து மூணாம் நாள் அப்பீல் போட்டிருக்கார். அமலுக்கே வராததை வச்சு வந்திருக்கீங்கன்னு தள்ளிட்டாங்க. தப்பு யாரு மேல? கெஜட்டைப் பார்க்க வேண்டியது வக்கீல் வேலை. தேதி குறிக்க வேண்டியது கவர்மென்ட் வேலை. என் வேலை ஒட்டறது. ஒட்டினது தப்பா? இன்னைக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. ஒரு எழுத்து தப்பில்ல. இன்னைக்குச் சட்டம் அறுபதுதான். நான் ஆறு மாசம் முன்னாடியே சரியாப் போட்டிருக்கேன், அவ்வளவுதான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்க வீட்டுலயும் இப்படித்தான் சிரிச்சா. அப்புறம் ரெண்டு நாள் பேசல.

இது என்ன ஊரு? காணையா. சரி.

வழக்கமா இந்த மாதிரி இருந்தா ஒரு நட்சத்திரம் போட்டு அடிக்குறிப்பு குடுப்போம். 'இத்திருத்தம் நடைமுறைக்கு வரும் நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை. அதுவரை முப்பது நாட்கள் என்றே கொள்க.' ரெண்டு வரி. இந்தப் புத்தகத்துல அது விட்டுப் போச்சு. யாரும் கவனிக்கல. புரூஃப் பார்த்தவங்க கூடச் சொல்லல. சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேனா?

...

இல்ல தம்பி. இப்ப சொன்னேனே, யாரும் சொல்லலைன்னு. அந்த வரியை நீக்கிடுங்க. அதுக்குப் பதிலா, 'சொன்னாங்க'ன்னு போட்டுக்கங்க.

மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா. புரூஃப் பார்க்கிறவங்க. நாலு வருஷமாத்தான் இருக்காங்க. வாய் திறந்து பேச மாட்டாங்க, எல்லாம் ஓரத்துல பென்சில்லதான். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பக்கம் எழுபத்தாறுல எழுதியிருந்தாங்க: 'ஐயா, தேதி அறிவிக்கவில்லை. அடிக்குறிப்பு வேண்டும். இதை நம்பி யாராவது காத்திருந்துவிடுவார்கள்.' இதே வார்த்தைதான். எனக்குப் பார்க்காமலே சொல்ல வரும்.

நான் என்ன பண்றது சொல்லுங்க? இடம் இல்ல. புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாத்தான் அச்சாகும். சரியா இருநூத்து நாப்பதாம் பக்கத்துல, கடைசி வரியில, முற்றுப்புள்ளியோட முடிச்சிருந்தேன். ரெண்டு வரி கூட்டினா கடைசியில வழியும். வழிஞ்சா இன்னொரு பதினாறு பக்கம். அதுக்காக ரப்பரை எடுத்து அந்த எறும்பை எல்லாம் அழிச்சேன். அழிச்சு, ஊதிட்டு, அச்சுக்கு அனுப்பிட்டேன்.

மங்கையர்க்கரசி அச்சான புத்தகத்தைப் பார்த்தாங்க. எழுபத்தாறாம் பக்கத்தைத் திருப்பினாங்க, மூடினாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சத்தம் போட்டிருப்பேன், முடிஞ்சிருக்கும். கேக்காதவங்களை என்ன பண்றது? இப்பவும் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. காலையில வணக்கம் சொல்றாங்க. அந்த வணக்கத்துக்கு நான் மேசையைப் பார்த்துக்கிட்டேதான் பதில் சொல்றேன் தம்பி.

உங்களுக்கு இந்தக் கடையைப் பத்திச் சொல்லலையே. திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு சாப்பாட்டு மெஸ்ஸு. பேரு கூட அந்த அம்மா பேருதான். பவுனம்மா மெஸ். என்ன? உங்களுக்குத் தெரியுமா? அங்கதான் சாப்பிடுவீங்களா!

அடடே. அப்ப நீங்க வேண்டப்பட்டவர். முன்னாடியே கேட்டிருக்கணும். நான் பாட்டுக்கு உளறிக்கிட்டிருக்கேன்.

ஆமா, அந்த மூடப் போற மெஸ்தான். அங்க என்ன பேசிக்கிறாங்க? வக்கீல் ஏமாத்திட்டார்னா? அவர் மேல தப்பு சொல்லாதீங்க. அவர் புத்தகத்தை நம்பினார். கோர்ட் அமீனா வர புதன்கிழமை வரார்னு அவர்தான் போன்ல சொன்னார். புதன்கிழமை பூட்டிடுவாங்க. அதுக்குள்ள, திங்கட்கிழமை ஹைகோர்ட்ல ஒரு மனு போடப் போறார். இந்த அம்மா சோம்பல்ல இருந்துடல, புத்தகமே தப்பா வழிகாட்டிடுச்சு, புத்தகம் போட்டவரே எழுதிக் குடுத்திருக்கார், தடை குடுங்கன்னு. அதுக்குத்தான் இந்தக் காயிதம். கிடைக்கும்னு நிச்சயம் இல்ல. ஆனா இது இல்லாமப் போனா வாசல்லயே அனுப்பிடுவாங்களாம்.

நானே மனசு வந்து எழுதிக் குடுக்கப் போறேன்னு சொன்னேன் இல்ல? அதையும் நீக்கிடுங்க.

பவுனம்மா ஆபீசுக்கே வந்துட்டாங்க தம்பி. முந்தாநாள், வியாழக்கிழமை. வக்கீலோட. காலையில டிபன் வேலையை விட்டுட்டு வந்திருக்காங்க, புடவையில சாம்பார் கறை கூட இருந்துச்சு. மேசையில எங்க புத்தகத்தை வச்சாங்க. எழுபத்தாறாம் பக்கத்துல டோக்கன் சீட்டு ஒண்ணை அடையாளத்துக்கு வச்சிருந்தாங்க, சாப்பாடுன்னு அச்சடிச்சது.

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்யா. எனக்குப் படிக்கத் தெரியும். இதுல அறுபதுன்னு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கும்மா."

"பொய்யா இது?"

"பொய் இல்லம்மா. சட்டம்தான். அப்ப இன்னும் அமலுக்கு வரல."

"வேகாத சோத்தை இலையில போடுவீங்களா? போட்டா, வேகலைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இடம் இல்லம்மான்னு சொன்னேன். அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பிக்கிட்டே போனாங்க. தொண்ணூத்து நாலாம் பக்கம். மூணாம் அத்தியாயம் அங்கதான் முடியுது. முக்கால் பக்கம் வெள்ளையா இருந்துச்சு. விரலை வச்சு, "இங்க?"ன்னு கேட்டாங்க.

அவ்வளவுதான். கத்தல, சாபம் விடல. "இங்க?"ன்னு ஒரே வார்த்தை.

எனக்குத் தெரியாதா அந்த இடம்? நான் கட்டின பக்கம். எழுபத்தாறுல ரெண்டு வரி கூட்டினா தொண்ணூத்து நாலுல அந்த வெள்ளை எடுத்துக்கும். கடைசிப் பக்கம் அசையவே அசையாது. இடம் இல்லாம இல்ல. ஒரு புரூஃப் பார்க்கிறவங்க எனக்குச் சொல்லித் தர்றதான்னு இருந்துச்சு. அதுவும் இவ்வளவு சரியா. தேதி எப்படியும் புத்தகம் வரதுக்குள்ள வந்துடும்னும் இருந்துச்சு. இந்த ரெண்டும்தான். இடம் இல்லைன்னு உங்ககிட்டயும் சொன்னேன், நீக்கிடுங்க.

எதிர்ல மங்கையர்க்கரசி உக்காந்திருக்காங்க. எல்லாம் காதுல விழுது. தலையை நிமிர்த்தல. பவுனம்மாகிட்ட, 'நான் அப்பவே எழுதிக் குடுத்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லல. எழுந்து போய் அவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து வச்சாங்க.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல உக்காந்து எழுதிட்டேன். என் கைப்பட, முழுசா. எங்க வீட்டுல பார்த்துட்டு, "இதை எழுதறதுக்கு இத்தனை மாசமா?"ன்னு கேட்டா. மறுநாள் முதலாளிகிட்ட காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. கம்பெனி பேரு போட்ட தாள்ல எழுதிட்டேன், காட்டித்தானே ஆகணும். படிச்சார். கண்ணாடியைக் கழட்டினார்.

"தெய்வம், உதவி பண்ணுங்க, வேணாங்கல. இந்த மூணாவது பத்தி எதுக்கு? முன்பக்கத்துல நாம எச்சரிக்கை போட்டிருக்கோம் இல்ல, மூலத்தோட ஒப்பிட்டுப் பார்த்துக்கவும்னு? அதைச் சொல்லுங்க போதும். உங்களுக்கே இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸ். நல்லபடியா போகணும் இல்ல?"

மிரட்டல. நல்ல மனுஷன். என் பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்து நின்னவர். அவரே ஒரு சீட்டுல நாலு வரி எழுதிக் குடுத்தார், இந்தப் பத்திக்குப் பதிலா இது. திருத்தம்! முப்பத்தோரு வருஷமா சீட்டு வந்தா ஒட்டற கை. ஒட்டிட்டேன்.

மாம்பழப்பட்டு தாண்டிட்டமா? எப்பத் தாண்டினோம்?

அந்தச் சீட்டுல தப்பா எதுவும் இல்ல தம்பி. எச்சரிக்கை முன்பக்கத்துல இருக்கிறது நிஜம்தான். வாசகர்கள் மூலத்தோட ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியதுன்னு... ஆமா. ஆமா, நீங்க சொல்றது சரிதான். அதைக் கோர்ட்ல குடுத்தா, தப்பு வக்கீலோடதுன்னுதான் ஆகும். அந்த அம்மாவுக்கு உதவின்னு கொண்டுபோய் அவங்க தலையிலயே போடற மாதிரிதான். நேத்து சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பஸ் ஏறினேன். நீங்க ஒரு மோட்டார் ரிப்பேர் பண்றவர், ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டீங்க. நான் நேத்து முழுக்க என்னை ஏமாத்திக்கிட்டேன்.

காட்டறேன் இருங்க. கை ஈரமா இல்லையே? இதோ. மூணாவது பத்தி. தடவிப் பாருங்க, மேடா இருக்கா? வக்கீலுக்குத் தெரியாது, ஜெராக்ஸ் எடுத்தா யாருக்குமே தெரியாது. தூக்கிப் பார்க்கிறீங்களா? வராது. நகத்தை வச்சாலும் வராது. நாலு பக்கமும் பசை தடவிட்டேன்.

நாலு பக்கமும். நான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க, நான் துண்டுச் சீட்டுல மறைச்சிருக்கேன்.

ஜன்னல் பக்கம் பிடிங்க. வெயிலுக்கு நேரா. தெரியுதா அடியில? படிங்களேன். மெதுவா படிங்க, என் எழுத்து நல்லாத்தான் இருக்கும். 'எங்கள் புரூஃப் வாசகர்'... ம்... 'எழுத்து மூலம் எச்சரித்தும்'... ம். அடுத்தது? அடுத்தது இருக்கே, 'நான் அதை'ன்னு. மங்கலா இருக்கா? சரி விடுங்க. அதுக்கு மேல எனக்கே தெரியும்.

இங்க குடுங்க. ஓரத்துல பிடிச்சு இழுத்தா... பொறுங்க... வருது...

ஐயோ.

கிழிஞ்சிடுச்சு. அடியில இருந்ததும் சேர்ந்து வந்துடுச்சு பாருங்க. நடுவுல ஓட்டை. இதுக்குத்தான் சொல்லுவேன், நாலு பக்கமும் ஒட்டக் கூடாதுன்னு. ஒட்டினா பழசும் கிடைக்காது, புதுசும் நிக்காது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

இல்ல, திரும்பிப் போகலாம்னு சொல்லாதீங்க. திரும்பிப் போனா நான் வர மாட்டேன். எனக்குத் தெரியும். திங்கட்கிழமை ஒரு ஜுரம் வரும், புதன்கிழமை அமீனா வந்து பூட்டிட்டுப் போயிடுவார், வியாழக்கிழமை ஜுரம் விட்டுடும்.

அது என்ன, பாலமா? அக்கரை திருக்கோவிலூர்தானே? எவ்வளவு தண்ணி இருக்கு பாருங்க ஆத்துல.

காயிதத்துக்குப் பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. இடம் இருக்கு. முழுப் பக்கம் இருக்கு. அந்த மோட்டார் மேல வச்சே எழுதிடறேன், கொஞ்சம் ஆடாமப் பிடிச்சுக்கங்க. மூணே வரிதான். மங்கையர்க்கரசி எழுதிக் குடுத்தது, நான் அழிச்சது, தொண்ணூத்து நாலாம் பக்கத்துல இடம் இருந்தது. கடைசியில என் பேரு.

பென்சிலா? என் பாக்கெட்லயும்தான் இருக்கு தம்பி. பென்சில் வேணாம். பக்கத்துலயே ரப்பரும் இருக்கு.

யார்கிட்டயாவது பேனா இருக்கான்னு கேளுங்க. சீக்கிரம் கேளுங்க, பஸ் ஸ்டாண்ட் வந்துடப் போகுது.